தட்டும் தராசும்

பிப்ரவரி 6

அன்பு அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் கணுக்கால் வீக்கம் வடிந்ததா? உனக்குப் போனில் பேசினால் பாதி காதில் விழாது, மீதியை நீயே இட்டுக்கட்டிக்கொள்வாய். அதனால் நமக்குக் கடிதம்தான் சரி.

எட்டுக் கட்டில் போட்ட ஹால் இது. எனக்கு ஜன்னலோரம் கிடைத்திருக்கிறது. டாக்டரம்மா என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நுரையீரல்ல கெட்டுப்போன பகுதியை எடுத்துட்டா பொழைச்சுக்கலாம். ஆனா இந்த உடம்பு கத்தியைத் தாங்காது. மொதல்ல எடை ஏறணும், அப்புறம்தான் ஆபரேஷன்" என்றார். ஆக, தின்று தடிப்பதுதான் இனி என் வேலை. லிஃப்ட் மெக்கானிக்குக்கு இப்படி ஒரு உத்தியோக உயர்வு!

இனி நம் கினிப்பன்றிகள் மேனேஜர், கிளார்க் விஷயம். அந்த ஆறாவது மாடிக் குடும்பம் வெளிநாடு போகிற அவசரத்தில், லிஃப்ட் பழுதுபார்க்கப் போன என் கையில் கூண்டைத் திணித்துவிட்டுப் போனபோது எனக்கும் இதெல்லாம் தெரியாது. கினிப்பன்றிக்குக் காய்ந்த புல்தான் சாப்பாடு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. வைக்கோல் வாங்கிவிடாதே, அதில் சத்தே கிடையாது. பல் ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும். மென்று தேய்த்தால்தான் வாய் மூடும். தினமும் ஒரு துண்டு குடைமிளகாய் கட்டாயம் கொடு. அது இல்லாவிட்டால் ஈறு வீங்கி, மூட்டு பிடித்துக்கொள்ளும். கேரட்டை ஆசைக்கு ஒரு துண்டு கொடு, போதும். ரொட்டி, உருளைக்கிழங்கு, வெங்காயம் கிட்டவே கொண்டுபோகாதே. தன் புழுக்கையைத் தானே தின்னும், அலறாதே, அது அப்படித்தான்.

ஆளுக்கொரு கிண்ணமாக, கூண்டின் இரண்டு மூலையில் வை. ஞாயிறுதோறும் இரண்டையும் தனித்தனியாகத் தராசில் ஏற்று. மறந்துவிடாதே. இதுகள் உடம்புக்கு வந்தால் காட்டிக்கொள்ளாத பிராணிகள்.

நீ கிளம்பி வருகிறேன் என்று நிற்காதே. நீ வந்தால் இதுகளை யார் பார்ப்பார்கள்?

உன் தம்பி

பிப்ரவரி 17

டேய் தம்பி,

அக்கா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். கணுக்கால் கிடக்கிறது கழுதை. நீ இருமுவது குறைந்ததா? இரவில் காதை மூடிக்கொண்டு படுக்கிறாயா?

உன் மேனேஜர் பெரிய ஆள்தான். பன்றி என்று பெயர், பார்த்தால் எலி, குரலைக் கேட்டால் டிப்போ விசில். நான் ஃப்ரிட்ஜைத் தொட்டால் போதும், காது மந்தமான எனக்கே கேட்கிற மாதிரி கத்துகிறது. கிளார்க் பாவம், பின்னால் உட்கார்ந்து மூக்கை மட்டும் ஆட்டுகிறது. மேனேஜர் பார்த்து முடித்த ஃபைல்தான் அதற்கு வரும் போலிருக்கிறது.

நீ சொன்னதையெல்லாம் செய்கிறேன். ஒன்றைத் தவிர. இரண்டு கிண்ணம் எதற்கு? நீயும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம்? அம்மா வேலைக்குப் போகும்போது மூடி வைத்துவிட்டுப் போவாளே, அந்த நீலப் பூப்போட்ட தட்டு. நடுவில் நீ விரலால் கோடு கிழிப்பாய், பிறகு நீயே தாண்டி வருவாய். அதனால் நானும் ஒரே தட்டாக வைத்துவிட்டேன். பாசமாகத் தின்னட்டும்.

தராசும் எனக்கு வேண்டாமடா. பஸ் டிப்போ கேன்டீனில் இத்தனை வருஷமாகத் தட்டு திரும்பி வருகிற ஜன்னலில் நிற்கிறேன். வருகிற தட்டைப் பார்த்தே எந்த டிரைவருக்குக் காய்ச்சல், எந்த கண்டக்டருக்கு வீட்டில் சண்டை என்று சொல்லிவிடுவேன். உன் பிள்ளைகள் தட்டைத் துடைத்துவைத்த மாதிரி காலி பண்ணுகின்றன. அப்புறம் என்ன?

உன் சேதிதான் எனக்கு வேண்டும். நீ சின்ன வயசிலிருந்தே சாப்பாட்டில் திருட்டுப்பயல். உன் வார்டு சிஸ்டருக்குத் தனியாக எழுதப் போகிறேன். உன் தட்டு காலியாகத் திரும்புகிறதா என்று பார்த்து அவர் எனக்குச் சொல்லட்டும்.

உன் அக்கா

மார்ச் 3

அன்பு அக்காவுக்கு,

நலம். நீயும் நலம்தானே? விடியற்காலைப் பனியில் நனைந்துகொண்டு முதல் ஷிஃப்டுக்கு ஓடாதே.

சிஸ்டருக்கெல்லாம் எழுதி மானத்தை வாங்காதே, அக்கா. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். காலையில் பால், முட்டை. மதியம் பருப்பு, காய், கறி. உன் கைப்பக்குவம் இல்லை, உப்புப் போடும்போது சமையல்காரர் வேறு யோசனையில் இருப்பார் போல. ஆனால் தட்டு நிறையத்தான் தருகிறார்கள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். உனக்கு நாலைந்து வயது மூத்தவர் இருப்பார். லாரி அண்ணன் என்று கூப்பிடுகிறேன். பார்க்க யாரும் வருவதில்லை. தூக்கத்திலும் கியர் மாற்றுகிறார், கட்டில் ஆடுகிறது. அவருக்கும் என்னைப்போல்தான், எடை ஏறினால் ஆபரேஷன்.

நேற்று எதிர்க் கட்டில்காரருக்கு மூக்கில் குழாய் வைத்தார்கள். சாப்பிட முடியாதவர்களுக்கு அப்படித்தானாம்.

அக்கா, தராசில் வைத்தாயா? தட்டைப் பார்க்காதே, தராசைப் பார். ஒன்றுக்கு முடியாவிட்டாலும் மற்றது தின்னும்போது அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து வாயை அசைக்கும். பலவீனம் தெரிந்தால் பருந்து தூக்கிவிடும் என்று அதன் ரத்தத்திலேயே பயம் ஊறிக் கிடக்கிறது.

உன் தம்பி

மார்ச் 14

மதிப்பிற்குரிய அம்மா,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் தம்பி கட்டுப்பாடான நோயாளி, யாரிடமும் முகம் சுளிக்க மாட்டார். தாங்கள் கேட்டுக்கொண்டபடி சாப்பாட்டுத் தள்ளுவண்டிக்காரரிடம் சொல்லி வைத்தேன். மூன்று வேளையும் அவருடைய தட்டு காலியாகத்தான் திரும்புகிறது. தங்களிடமிருந்து விசாரிப்பு வந்திருப்பதை அவரிடமும் சொன்னேன், சிரித்தார். கவலை வேண்டாம்.

வார்டு சிஸ்டர்

மார்ச் 22

என் தங்கக்கட்டி தம்பிக்கு,

அக்கா ரொம்ப நன்றாக இருக்கிறேன். இதைவிட நன்றாக இருக்க முடியாது. சிஸ்டர் எழுதிவிட்டார்! மூன்று வேளையும் தட்டு காலியாமே! வயிற்றில் பால் வார்த்தாய்டா. கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கேன்டீன் முழுக்கச் சுற்றினேன். சமையல் மேஸ்திரிகூட, "என்னக்கா, லாட்டரி அடிச்ச மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டார். "எந்தம்பி சாப்பிடுறான்யா" என்றேன். அன்றைக்கு எல்லாருக்கும் ஒரு முட்டை கூடுதலாக வைத்தேன். கணக்குக்காரர் கத்தினார், கத்தட்டும்.

ஆபரேஷன் தேதி சொன்னார்களா? எடை எவ்வளவு ஏறியிருக்கிறது? சட்டை பிடிக்கிறதா? தைத்து அனுப்பட்டுமா?

இங்கே மேனேஜர் தொந்தி தள்ளிக்கொண்டு நடக்கிறது. கிளார்க் கொஞ்சம் மந்தமாக மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. வெயில் சூட்டால் இருக்கும். முடி வேறு குத்துக்குத்தாக நிற்கிறது. ஆனால் பக்கத்தில் போய்ப் பார்த்தால் வாய் அசைந்துகொண்டேதான் இருக்கிறது, தட்டும் காலி. ஆசையாக இருக்கட்டும் என்று ஒரு கேரட் துண்டு கூடப் போட்டேன், திட்டாதே.

உன் அக்கா

ஏப்ரல் 10

அக்கா,

நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். பேனா கையில் நிற்கவில்லை, அதனால்தான் கிறுக்கல்.

கிளார்க்கை இன்றைக்கே தராசில் வை. கடிதத்தைப் படித்து முடிக்காமலே போய் வை. முடி குத்திட்டு நின்றால் அது வெயில் இல்லை. மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு. ஒரு நாள் தின்னாமல் இருந்தாலே அதன் குடல் நின்றுவிடும்.

ஆபரேஷன் கொஞ்சம் தள்ளிப்போகிறது. டாக்டரம்மா லீவில் போகிறார்களாம். வேறு ஒன்றும் இல்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 17

தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதத் தெரியவில்லை.

கிளார்க் செத்துப்போய்விட்டது. உன் கடிதம் கிடைத்தவுடன் தூக்கினேன். தூக்கியபோதே தெரிந்துவிட்டது. கையில் முடி மட்டும்தான் இருந்தது, உள்ளே ஆள் இல்லை. தராசு முள் அசைந்து அசைந்து ஆரம்பத்திலேயே நின்றுவிட்டது. துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். மிருக டாக்டர் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பின்பல் வளைந்து நாக்கின்மேல் பாலம் போட்டிருந்தது. "இது சாப்பிட்டே பல நாள் ஆச்சும்மா. இதால விழுங்கவே முடியாது" என்றார். "தட்டு காலியாச்சேய்யா, வாய் அசைஞ்சுதேய்யா" என்று கத்தினேன். "இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அவர் மேஜைமேலேயே அதன் மூச்சு அடங்கிவிட்டது.

நீ இரண்டு கிண்ணம் என்றாய். தராசு என்றாய். என் மண்டையில் ஏறவில்லை. மேனேஜர் அதன் பங்கையும் தின்று தொந்தி போட்டிருக்கிறது, நான் அதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

முருங்கைக்காய் மாதிரி ஆகிவிட்ட அந்த உடம்பை டிப்போவுக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தேன். கை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. குழாயை மூடக்கூட மறந்துபோய் நின்றேன்.

தம்பி, நீ இத்தனை கடிதம் எழுதினாய். ஒன்றிலாவது உன் எடையை எழுதவில்லை. நான் கேட்டதற்கும் பதில் இல்லை. தட்டைப் பற்றி எனக்கு எழுதாதே. சிஸ்டர் சொன்னதும் வேண்டாம்.

உன் எடை என்ன? உன் தட்டில் இருப்பதை யார் சாப்பிடுகிறார்கள்?

அக்கா

மே 2

தம்பி,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை. பதில் இல்லை. தினமும் தபால்காரரை வாசலில் மறிக்கிறேன். என்னைக் கண்டாலே சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

லீவு சொல்லிவிட்டேன். மேனேஜரைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு வருகிறேன். உள்ளே விடமாட்டோம் என்றால் வாசலில் கிடக்கிறேன். நான் வரும்வரை குழாய் வைக்கச் சொன்னால் வைத்துக்கொள்ளடா. உன் காலில் விழுகிறேன்.

அக்கா

மே 3

அன்பு அக்காவுக்கு,

நீ நலமா? இதை எழுதுவது லாரி அண்ணன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். நடுவில் மூக்கைச் சிந்துகிறார், அதனால் எழுத்து அங்கங்கே கலைந்திருக்கும்.

கண்டுபிடித்துவிட்டாய். வந்த இரண்டாவது வாரத்திலிருந்தே எதுவும் இறங்கவில்லை அக்கா. வாயில் வைத்தால் இருமல் வருகிறது, இருமினால் எல்லாம் வெளியே வருகிறது. நாளைக்குச் சாப்பிட்டுவிடலாம், நாளைக்குச் சாப்பிட்டுவிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். தட்டில் மிச்சம் இருந்தால் குழாய் வைத்துவிடுவார்கள். எதிர்க் கட்டில்காரருக்குக் குழாய் வைத்த பிறகு அவர் எழுந்திருக்கவே இல்லை. அந்தப் பயம் எனக்கு. அப்புறம் நீ வேறு சிஸ்டருக்கு எழுதிவிட்டாய். தட்டு காலியாகிறது என்று தெரிந்து நீ சந்தோஷப்பட்டு எழுதிய கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு எப்படி மிச்சம் வைப்பது?

என் தட்டைக் காலி பண்ணியது லாரி அண்ணன்தான், அவரைத் திட்டாதே. மருந்தால் பசியே இல்லை, வீணாக்கினால் சமையல்காரர் திட்டுவார் என்று நான்தான் அவரை ஏமாற்றினேன். டாக்டரம்மா லீவில் போகவில்லை. என் எடையைப் பார்த்து, "சாப்பாடெல்லாம் எங்கப்பா போவுது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். எடை குறைந்துவிட்டது. எவ்வளவு என்று எழுத வேண்டாம் என்று லாரி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

உன்னை அங்கேயே கட்டிப்போடத்தான் மேனேஜரையும் கிளார்க்கையும் சாக்காகச் சொன்னேன். வந்து பார்த்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

கிளார்க்குக்காக அழாதே. உன்மேல் தப்பில்லை.

ஒன்று கேட்கவா? அந்த நீலப் பூத் தட்டில் நான் கோட்டைத் தாண்டி உன் பங்கையும் தின்னும்போது நீ வாயை அசைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாய். "எனக்கு வயிறு ரொம்பிடுச்சுடா" என்பாய். உன் வாயில் ஒன்றும் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் தின்றேன், பசி. நான் இதை யாரிடம் கற்றுக்கொண்டேன் என்கிறாய்?

சீக்கிரம் வா.

உன் தம்பி

(அம்மா, நான் லாரிக்காரன். எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது.)

ஜூன் 12

தங்கச்சிக்கு,

லாரிக்காரன் எழுதுகிறேன். சௌக்கியமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? அந்த எலிப்பிள்ளை நலமா?

தம்பி கட்டிலில் புது ஆள் வந்துவிட்டான். சின்னப் பையன் போலப் பேசுகிறான், நான் அவன் முகத்தைப் பார்ப்பதே இல்லை. எனக்கு எடை சரியாகிவிட்டதாம். ஆபரேஷனுக்குத் தயார் என்று டாக்டரம்மா கையைக் குலுக்கினார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த உடம்பில் ஏறியிருப்பது யாருடைய சோறு என்று எனக்குத் தெரியும். வாயருகே கொண்டுபோனால் அவன் தட்டை நீட்டுவது கண்ணில் நிற்கிறது. "அண்ணே, இதையும் ஒரு கை பாருங்க" என்பான். தட்டை இப்போது அப்படியே புது ஆளிடம் தள்ளிவிடுகிறேன். காலியாகத்தான் திரும்புகிறது.

என்னை மன்னிக்க வேண்டாம். சொல்லிவிடத் தோன்றியது, சொல்லிவிட்டேன்.

லாரிக்காரன்

ஜூன் 21

லாரி அண்ணனுக்கு,

தங்கச்சி எழுதுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன். நீங்கள்?

உங்கள் கடிதத்தைக் கேன்டீனில் எல்லார் முன்னாலும் படித்து, எல்லார் முன்னாலும் அழுதேன். பிறகு கோபம் வந்தது. நீங்கள் தின்றதால் என் தம்பி சாகவில்லை. தட்டு காலியாக வரவேண்டும் என்று கேட்டவள் நான். அவன் தட்டைக் காலியாக்கிக் காட்டினான். நான் எடையைக் கேட்டிருக்க வேண்டும். கேட்க எனக்கு ஒரு கினிப்பன்றி சாக வேண்டியிருந்தது, அதற்குள் நேரமும் போய்விட்டது.

கடைசியில் நான் அங்கே இருந்த ஒன்பது நாளும் நீங்கள் சுவர் பக்கம் திரும்பியே படுத்திருந்தீர்கள், அதனால் பார்த்திருக்க மாட்டீர்கள். முதல் நாள் நான் கஞ்சியை ஒரு தட்டில் ஊற்றி, நடுவில் ஸ்பூனால் கோடு கிழித்து, "வாடா, ஒண்ணா சாப்பிடலாம்" என்றேன். ஸ்பூனை வாயில் வைத்துவிட்டு அவன் வாயை அசைத்தான். எனக்கும் தொண்டையில் இறங்கவில்லை, நானும் அசைத்தேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, ரெண்டு பேருமே திருட்டுப்பசங்க" என்றான். சிரித்த சூட்டில் நிஜமாகவே இரண்டு வாய் இறங்கியது. குழாய் வைத்தபோது என் விரலைப் பிடித்துக்கொண்டான், அழவில்லை. அது உள்ளே போகும்போது உடம்பில் பிடிமானம் மிச்சம் இல்லை, அவ்வளவுதான். பாவி, இரண்டு மாதம் முன்னால் வைத்திருந்தால்.

மேனேஜர் நலம். கிளார்க் போனதிலிருந்து விசில் அடிக்கவே இல்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். தனியாக விட்டால் தேறாது என்று மிருக டாக்டர் சொன்னார். அவரே ஒரு குட்டியைக் கொடுத்தார். டிப்போவில் அதற்குக் கண்டக்டர் என்று பேர் வைத்துவிட்டார்கள். இப்போது இரண்டு கிண்ணம், இரண்டு மூலை. புல் எப்போதும் நிறைந்திருக்கும், குடைமிளகாய் ஆளுக்கொரு துண்டு. ஞாயிறுதோறும் தராசு. கண்டக்டர் தராசில் நிற்காமல் துள்ளுகிறது, நான் பிடித்து நிறுத்தி முள் ஆடி அடங்கும்வரை காத்திருக்கிறேன். எனக்கு அவசரம் இல்லை.

அண்ணா, அவன் சோறு உங்கள் உடம்பில் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அதைச் சாகவிட உங்களுக்கு உரிமை இல்லை. அது என் வீட்டுச் சோறு. டாக்டரம்மாவிடம் போய் ஆபரேஷனுக்குச் சரி என்று சொல்லுங்கள். தேதியை எழுதுங்கள், நான் வருகிறேன். உங்களைப் பார்க்க ஆள் வரவேண்டும்.

சிஸ்டருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை தட்டைப் பற்றி இல்லை. அவர் பக்கத்தில் நிற்க, தராசில் ஏறுங்கள். பதிலில் வேறு எதுவும் எழுத வேண்டாம்.

உங்கள் எடை என்ன?

உங்கள் தங்கச்சி